சிறிய விமானத்தில் பழைய ஆட்டோபைலட்: உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சொந்தமாக ஒரு செஸ்னாவோ பைப்பரோ மூனியோ வைத்திருப்பவர்களில் பலரின் விமானத்தில், 1970களிலோ 80களிலோ 90களிலோ பொருத்திய ஆட்டோபைலட் இன்னும் இருக்கிறது. சிலருக்கு அது நீண்ட பயணத்தில் கைகொடுக்கும் துணை. வேறு சிலருக்கு, எப்போது என்ன செய்யும் என்று புரியாததால் தொடவே தயங்கும் கருவி. இரண்டு தரப்பும் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

பழைய ஆட்டோபைலட் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

ஆட்டோபைலட் என்ற யோசனையே மிகப் பழையது. அமெரிக்க விமானி லாரன்ஸ் ஸ்பெர்ரி 1914 ஜூனில் பாரிஸ் அருகே, ஜைரோ (வேகமாகச் சுழலும் சக்கரத்தைக் கொண்டு விமானத்தின் அசைவை உணரும் கருவி) கட்டுப்பாட்டில் விமானத்தை விட்டுவிட்டு இரு கைகளையும் தூக்கிக் காட்டினார். அவருடைய மெக்கானிக் அப்போது இறக்கை மேல் நடந்தார். இந்தப் பக்கத்தில் பேசுவது அவ்வளவு பழையதைப் பற்றி அல்ல. செஞ்சுரி I, II, III, செஸ்னாவின் நாவ்-ஓ-மேட்டிக் 300ஏ, கிங் கேஎஃப்சி 150, 200, கேஏபி 140, எஸ்-டெக் 30, 50, 55எக்ஸ், மூனியில் வந்த பிரிட்டன் கருவி போன்றவையே இங்கு பொருள். ஜைரோவிலிருந்தோ அழுத்த உணரியிலிருந்தோ வரும் மின்சைகையை ஒரு சிறு கணினி வாங்கி, கட்டுப்பாட்டு கேபிளை இழுக்கும் சிறு மோட்டாரான சர்வோவை இயக்கும். இவை எல்லாமே ஏறக்குறைய அந்தக் குடும்பம்தான். பிரிட்டன் மட்டும் விதிவிலக்கு. அதில் மின்மோட்டாரே கிடையாது.

என் விமானத்தில் இருப்பது எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? தெரிந்து என்ன ஆகப்போகிறது?

நிறைய ஆகும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

இறக்கை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற தகவல் ஆட்டோபைலட்டுக்கு எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. அதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, விமானம் திரும்புவதைக் காட்டும் டர்ன் கோஆர்டினேட்டர். அதற்குள் இருக்கும் ஜைரோவின் சட்டம் சுமார் 30 பாகை சாய்த்து வைக்கப்பட்டிருப்பதால், விமானம் திரும்பும் வேகம், உருளும் வேகம் இரண்டையும் ஒன்றாக உணரும். எஸ்-டெக் 30, 50, 55எக்ஸ், கேஏபி 140, செஞ்சுரி I, செஸ்னா 300ஏ எல்லாம் இப்படித்தான் வேலை செய்கின்றன. இவற்றை ரேட் வகை என்பார்கள். இரண்டாவது வழி, அடிவானத்தோடு ஒப்பிட்டு விமானத்தின் நிலையைக் காட்டும் ஆட்டிட்யூட் இண்டிகேட்டர். கேஎஃப்சி 150, 200, செஞ்சுரி III போன்றவை அதிலிருந்து சாய்வையும் மூக்கின் ஏற்ற இறக்கத்தையும் நேரடியாக எடுத்துக்கொள்ளும். இவை ஆட்டிட்யூட் வகை.

ஆட்டிட்யூட் வகை சீராகவும் துல்லியமாகவும் பறக்கும். காற்று கொஞ்சம் குலுக்கினாலும் நிதானமாகச் சமாளிக்கும். ஆனால் ஆட்டிட்யூட் இண்டிகேட்டருக்குள் இருக்கும் ஜைரோ பெரும்பாலும் காற்றை உறிஞ்சும் வாக்யூம் பம்ப்பை நம்பிச் சுழல்கிறது. உலர் வகை வாக்யூம் பம்ப்பில் உள்ள கார்பன் தகடுகள் முன்னறிவிப்பே இல்லாமல் உடையக்கூடியவை. பம்ப் நின்றதும் ஜைரோ உடனே விழாது. மெல்ல மெல்லச் சாயும். ஆட்டோபைலட் அந்தப் பொய்யை உண்மை என்று நம்பி விமானத்தையும் அதே அளவுக்கு மறுபக்கம் சாய்க்கும். மேகத்துக்குள் இருக்கும்போது இண்டிகேட்டரில் எல்லாம் சரியாகவே தெரியும். இதைவிட மோசமான நிலை வேறில்லை. மின்சாரத்தில் ஓடும் டர்ன் கோஆர்டினேட்டரை நம்பும் ரேட் வகை, அதே வாக்யூம் கோளாறில் இறக்கையை மட்டமாக வைத்துக்கொண்டு பறக்கும். அதன் ஹெடிங் மோடை (ஒரு திசையைப் பிடித்துப் பறக்கும் மோடை) மட்டும் நம்பக்கூடாது, ஏனென்றால் திசையைக் காட்டும் டைரக்‌ஷனல் ஜைரோவும் பல விமானங்களில் வாக்யூமில்தான் ஓடுகிறது.

ஆக, வாக்யூம் மீட்டர் இறங்கினால் ஆட்டிட்யூட் வகைக்காரர் உடனே ஆட்டோபைலட்டைக் கழற்ற வேண்டும், அதாவது அதன் பிடியிலிருந்து விமானத்தை விடுவிக்க வேண்டும். ரேட் வகைக்காரர் இறக்கை மட்ட மோடுக்கு மாற்றிக்கொண்டு, அதை உதவியாக வைத்துக்கொள்ளலாம். ஒரே கோளாறுக்கு நேர் எதிரான இரண்டு நடவடிக்கைகள்.

விமானம் இடமும் வலமுமாக ஊசலாடிக்கொண்டே போகிறது. கணினி போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. பழைய ஆட்டோபைலட்டில் கோளாறு என்றதும் எல்லோரும் முதலில் கணினிப் பெட்டியைச் சந்தேகப்படுகிறார்கள். அதைக் கழற்றி அனுப்புகிறார்கள், அது சோதனை மேசையில் நல்லபடியாக ஓடிவிட்டுத் திரும்பி வருகிறது, விமானத்தில் போட்டால் மறுபடி அதே ஊசல். பெட்டிக்கு வெளியே இருப்பவைதான் தேய்கின்றன, தளர்கின்றன, அழுக்காகின்றன: ஜைரோ, கேபிள், சர்வோ, கனெக்டர், குழாய். அங்கிருந்து தொடங்குங்கள்.

காற்று அமைதியாக இருக்கும் ஒரு காலை நேரத்தில், தெளிவான வானில், முடிந்தால் இன்னொரு விமானியோடு போய் இப்படிப் பாருங்கள். முதலில் வெறும் இறக்கை மட்ட மோடில் விடுங்கள். அதில் சீராகப் போய், ஹெடிங் மோடுக்கு மாற்றியதும் ஊசலாடினால், சந்தேகம் டைரக்‌ஷனல் ஜைரோ மீதும் அதிலிருந்து வரும் ஹெடிங் சைகை மீதும். ஹெடிங்கிலும் சீராகப் போய், நாவ் மோடில் (குறித்த பாதையைப் பின்தொடரும் மோடில்) மட்டும் அலைந்தால், வழிகாட்டும் ரேடியோ, ஜிபிஎஸ், அவற்றின் இண்டிகேட்டர் பக்கம் பாருங்கள். எல்லா மோடிலும் ஊசலாடினால் மிஞ்சுவது அடிப்படை ஜைரோ, சர்வோ, கேபிள்கள்.

அப்புறம் ஆட்டோபைலட்டை முழுவதும் அணைத்துவிட்டு, கையால் நேராகப் பறந்தபடி டர்ன் கோஆர்டினேட்டரையே சிறிது நேரம் பாருங்கள். அமைதியான காற்றிலும் அதன் சிறு விமானப் படம் துடித்துக்கொண்டே இருந்தால், ஜைரோவின் பேரிங் தேய்ந்திருக்கிறது. ரேட் வகையில் இந்தத் துடிப்பைத்தான் ஆட்டோபைலட் பின்தொடர்கிறது. வேறு எந்தப் பெட்டியை மாற்றினாலும் பலன் இல்லை.

ஜைரோ நல்லபடியாக இருந்தால் அடுத்தது பிரைடல் கேபிள். சர்வோவின் உருளையில் சுற்றி, விமானத்தின் பிரதான எய்லரான் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைத் தகடு) கேபிளோடு பிடிப்பான்களால் இணையும் சிறு கேபிள் அது. இது தளர்ந்தால், சர்வோ திரும்பத் தொடங்கியபின் எய்லரான் அசைய ஒரு நொடித் தாமதம் வரும். ஆட்டோபைலட் ‘போதவில்லை’ என்று மேலும் திருப்பும், பிறகு அதிகமாகிவிட்டதென்று திரும்ப இழுக்கும். அதுதான் ஊசல். பிரதான கேபிள் தளர்ந்திருந்தாலும் இதே கதை.

குளிர்காலத்தில் மட்டும் ஊசலாடுகிறதே?

அது கேபிள் இழுவிசை என்பதற்கு நல்ல அடையாளம். விமான உடல் அலுமினியம், கேபிள் எஃகு. குளிரில் அலுமினியம் அதிகம் சுருங்கும், கேபிள் குறைவாகச் சுருங்கும், அதனால் கேபிள் தொய்யும். இதனால்தான் பராமரிப்புக் கையேடுகளில் இழுவிசைக்கு வெப்பநிலையோடு சேர்த்து அட்டவணை இருக்கும். இழுவிசைமானி வைத்து அளக்க வேண்டிய வேலை இது. விரலால் அழுத்திப் பார்த்து ‘சரியாத்தான் இருக்கு’ என்று சொல்வதை ஏற்காதீர்கள்.

உயரம் பிடிக்கும்போது மூக்கு மேலும் கீழும் ஏறி இறங்குகிறது. இதற்கும் அதே காரணங்களா?

பாதி அதே. இங்கும் மோட் மாற்றிப் பார்ப்பதுதான் முதல் வேலை. மூக்கு நிலையையோ ஏறும் வேகத்தையோ பிடிக்கும் மோடில் சீராக இருந்து, உயரம் பிடிக்கும் மோடில் மட்டும் ஏறி இறங்கினால், வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொண்டுவரும் ஸ்டாட்டிக் காற்றழுத்தக் குழாயில் கசிவு, உள்ளே தேங்கிய நீர், அல்லது அழுத்த உணரியின் கோளாறு. கருவி உதவியோடு பறக்கும் விமானங்களுக்கு அமெரிக்க விதிப்படி 24 மாதங்களுக்கு ஒருமுறை ஸ்டாட்டிக் குழாய்ச் சோதனை கட்டாயம். அந்தச் சோதனைக்கு விமானம் போகும்போதே ஆட்டோபைலட்டின் உணரிக்குப் போகும் கிளைக் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் குழாய் காய்ந்து வெடித்திருப்பது அடிக்கடி கிடைக்கும் காரணம்.

இரண்டு மோடிலும் ஏறி இறங்கினால், எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) பக்கத்து கேபிள்கள், சர்வோ, அப்புறம் உராய்வு. உராய்வை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. விமானி பிடித்து ஓட்டும் யோக்கின் தண்டு பேனலுக்குள் நுழையும் இடத்தில் தூசியும் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து, யோக் சற்றே ஒட்டி ஒட்டி நகரும். கையால் ஓட்டும்போது உங்களுக்குத் தெரியாது, சர்வோவுக்குத் தெரியும். சிறிது சிறிதாகத் தள்ளிப் பார்த்து, நகராமல் இருந்து, திடீரென்று ஒரு தாவு தாவும். தண்டைத் துடைத்துச் சுத்தம் செய்ததிலேயே தீர்ந்துபோன ஏற்ற இறக்கங்கள் உண்டு. ட்ரிம் (யோக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடிக்க வேண்டாதபடி சமன்செய்யும் அமைப்பு) கேபிளும் பல்லிணைகளும் காய்ந்திருந்தாலும் இதே மாதிரி வரும்.

ஓர் எச்சரிக்கை. உயரம் பிடித்துக்கொண்டிருக்கும்போது மாற்று ஸ்டாட்டிக் வால்வை (வெளிக்காற்றுக்குப் பதில் கேபின் காற்றின் அழுத்தத்தை எடுக்கும் வால்வை) திறந்தால், கேபினுக்குள் அழுத்தம் பொதுவாகக் குறைவு என்பதால் உயரமானி அதிகமாகக் காட்டும். ஆட்டோபைலட் உயரம் கூடிவிட்டது என்று நினைத்து மூக்கை இறக்கும். திறப்பதற்கு முன் கழற்றிவிடுங்கள்.

ட்ரிம் தானாக ஓடுவது பற்றி ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறார்கள்?

பயப்பட வேண்டிய விஷயம்தான். தானியங்கி ட்ரிம் உள்ள கருவிகளில், சர்வோ தொடர்ந்து ஒரு பக்கம் அழுத்த வேண்டியிருந்தால், ட்ரிம்மை ஓட்டி அந்த அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். இப்போது ஆட்டோபைலட் ஓடிக்கொண்டிருப்பதை மறந்து, நீங்கள் யோக்கை முன்னால் தள்ளுகிறீர்கள் என்று வையுங்கள். அது உங்கள் கையை எதிர்க்காற்று என்று எண்ணி, மூக்கை உயர்த்தும் பக்கம் ட்ரிம்மை ஓட்டும். நீங்கள் இன்னும் தள்ளுவீர்கள், அது இன்னும் ஓட்டும். கடைசியில் கழற்றும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும் ட்ரிம்மில் விமானம் உங்கள் கைக்கு வரும். தாழ்வான உயரத்தில், குறைந்த வேகத்தில் இது உயிருக்கு ஆபத்து. கருவியில் எந்தப் பழுதும் தேவையில்லை. நல்ல நிலையில் இருக்கும் கருவியே இதைச் செய்யும்.

இதைத் தரையிலேயே பார்க்கலாம். ஆட்டோபைலட்டைப் போட்டு, யோக்கை முன்னால் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். சில விநாடிகளில் ட்ரிம் சக்கரம் எதிர்ப்பக்கம் சுழலத் தொடங்கும். ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள் பிறகு மறப்பதில்லை. உங்கள் விமானத்தை ஓட்டும் ஒவ்வொருவருக்கும் இதைக் காட்டுங்கள். முடிந்ததும் ட்ரிம்மைப் புறப்படும் நிலைக்குக் கொண்டுவர மறக்காதீர்கள்.

தானியங்கி ட்ரிம் இல்லாத எஸ்-டெக் கருவிகள், ட்ரிம்மை மேலேயோ கீழேயோ திருப்பச் சொல்லி விளக்கு எரியவிடும். அந்த விளக்கைக் கண்டுகொள்ளாமல் பறந்து பிறகு கழற்றினால், யோக் திடீரென்று இழுக்கும். கழற்றும்போது எப்போதும் ஒரு கை யோக்கில் இருக்கட்டும்.

புறப்படுவதற்கு முன் என்ன சோதிக்க வேண்டும்?

உங்கள் விமானத்தின் கையேட்டு இணைப்பில் இருப்பதைத்தான். அதைப் படிக்காமல் பேனலில் உள்ள பொத்தான்களை வைத்து ஊகிக்க வேண்டாம். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக இரண்டு சோதனைகள் உண்டு.

ஒன்று, கையால் மீற முடிகிறதா என்பது. ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு யோக்கை இரு பக்கமும், முன்னும் பின்னும் நகர்த்துங்கள். சர்வோவின் கிளட்ச் வழுக்கி வழிவிட வேண்டும், இரு திசையிலும் ஏறத்தாழ ஒரே அழுத்தத்தில். கல் மாதிரி பிடித்துக்கொண்டால் அன்று ஆட்டோபைலட் வேண்டாம். மிக எளிதாக வழுக்கினாலும் கோளாறுதான், காற்றில் அதனால் விமானத்தைப் பிடிக்க முடியாது. வழுக்கும் அளவை ஒவ்வொரு விமான மாடலுக்கும் தனியாக நிர்ணயித்திருப்பார்கள், அதைக் கருவி வைத்து அளந்து சரிசெய்ய வேண்டும். வேறு மாடல் விமானத்திலிருந்து கழற்றிய அதே மாதிரி சர்வோவை அப்படியே பொருத்தக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

இரண்டு, கழற்றும் வழிகள் எல்லாம் வேலை செய்கின்றனவா என்பது. யோக்கில் உள்ள சிவப்புப் பொத்தான், பேனல் பொத்தான், மின் ட்ரிம் சுவிட்ச், மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர். ஆட்டோபைலட், ட்ரிம் பிரேக்கர்கள் எங்கே இருக்கின்றன என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக்காட்ட முடிய வேண்டும். அவற்றுக்கு நிற வளையம் போட்டு வைப்பது நல்ல வழக்கம். ட்ரிம் ஓடத் தொடங்கினால் யோக்கை இறுகப் பிடித்து, சிவப்புப் பொத்தானை அழுத்தியபடியே பிரேக்கரை இழுக்க வேண்டியிருக்கும். தேட நேரம் இருக்காது.

எந்த உயரத்தில் போடலாம்?

கையேட்டு இணைப்பு சொல்லும் உயரத்துக்கு மேல். கேஏபி 140 உள்ள செஸ்னா 172எஸ்-இல் தரையிலிருந்து 800 அடிக்குக் கீழே பயன்படுத்தக்கூடாது, அப்ரோச்சில் (தரையிறங்க நெருங்கும்போது) மட்டும் 200 அடி வரை. மற்றவற்றுக்கு எண்கள் வேறு.

புதிய ஜிபிஎஸ் வாங்கியிருக்கிறேன். பழைய ஆட்டோபைலட்டோடு சேருமா?

சேரும். பழைய கருவி பாதையின் ஊசியை மட்டுமே பார்த்து, விலகியபின் திருத்திக்கொள்ளும். ஜிபிஎஸ்எஸ் என்ற வசதி, எவ்வளவு சாய வேண்டும் என்ற கட்டளையை ஜிபிஎஸ்ஸிலிருந்தே எடுத்துக்கொடுக்கும். எஸ்-டெக் 55எக்ஸில் அது உள்ளேயே இருக்கிறது. மற்றவற்றுக்கு ஒரு மாற்றி வைத்து, ஹெடிங் சைகை போகும் வழியிலேயே அதை அனுப்பலாம். செலவுக்குக் கிடைக்கும் பலன் என்று பார்த்தால், பழைய ஆட்டோபைலட்டுக்குச் செய்யக்கூடிய மேம்பாடுகளில் இதற்கே என் முதல் ஓட்டு. திருப்பங்களை முன்கூட்டியே தொடங்கி, வளைவைச் சுத்தமாகப் போடும். காத்திருக்கும்போது சுற்றும் ஹோல்டிங் பாதையையும் பறக்கும்.

பழைய ஜைரோவைக் கழற்றிவிட்டு டிஜிட்டல் திரை போடலாமா?

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். நீங்கள் கழற்றப் போகும் ஜைரோ உங்களுக்குப் படம் காட்டுவதோடு ஆட்டோபைலட்டுக்குச் சைகையும் அனுப்பிக்கொண்டிருக்கலாம். கேஎஃப்சி 150-க்கு அப்படி இருப்பது கேஐ 256 என்ற ஆட்டிட்யூட் இண்டிகேட்டர். கார்மின் ஜிஐ 275-இன் உரிய வகை அதன் இடத்தில் உட்கார்ந்து அதே மாதிரி சைகையைக் கொடுக்கும், வாக்யூம் பம்ப்பையே நம்ப வேண்டாம் என்ற நிலையும் வரும். கார்மின் ஜி5 அப்படியல்ல. ஓர் அடாப்டர் வழியாக ஹெடிங்கும் ஜிபிஎஸ்எஸ்ஸும் கொடுக்கும், சாய்வுச் சைகை கொடுக்காது. எஸ்-டெக் வைத்திருப்பவர்கள் டர்ன் கோஆர்டினேட்டரைத் தூக்கி எறிய முடியாது. பேனலில் இடம் வேண்டுமென்றால் அதைப் பின்புறம் மறைவாகப் பொருத்தி ஓடவிடுவார்கள். வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், ஒவ்வொரு சைகையும் இனி எங்கிருந்து வரும் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஜைரோ எதை மாற்றினாலும், கணினியோடு அதை மட்டம் சேர்க்கும் வேலையும் சேர்ந்தே வரும்.

வொர்க்ஷாப்புக்கு எப்படிச் சொல்வது?

‘ஆட்டோபைலட் சரியில்லை’ என்று எழுதினால், அவர்கள் தரையில் போட்டுப் பார்த்து ‘கோளாறு தென்படவில்லை’ என்று திருப்பித் தருவார்கள். குற்றம் அவர்கள் மேல் இல்லை. இப்படி எழுதிக்கொடுங்கள்: ‘6,500 அடி, 120 நாட், அமைதியான காற்று. இறக்கை மட்ட மோடில் சீர். ஹெடிங் மோடில் இடமும் வலமும் 5 பாகை ஊசல், ஒரு சுற்றுக்குச் சுமார் 8 விநாடி. புறப்பட்டு 20 நிமிடம் கழித்தே தொடங்குகிறது. டைரக்‌ஷனல் ஜைரோ கால் மணி நேரத்தில் 10 பாகை நகர்கிறது.’ இதைப் படித்ததும் எந்தப் பேனலைத் திறப்பது என்று நல்ல தொழில்நுட்பருக்குத் தெரிந்துவிடும். சூடேறியபின் வரும் கோளாறு, குளிர்ந்திருக்கும்போது வரும் கோளாறு இரண்டும் வெவ்வேறு இடத்தைக் காட்டும். போனில் ஒரு வீடியோவும் எடுத்து வையுங்கள், பேனல் முழுவதும் தெரியும்படி.

எந்தப் பெட்டியையும் கழற்றி அனுப்புவதற்கு முன், கனெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி செருகவும், எர்த் இணைப்புகளை அளக்கவும், சர்வோவில் வரும் மின்னழுத்தத்தைப் பார்க்கவும் கேளுங்கள். பல ஆண்டு ஈரத்தில் இருந்த பின்கள் பச்சை பூத்திருக்கும்.

ரொம்ப நாளாகப் பயன்படுத்தவே இல்லை. அப்படியே விடலாமா?

வேண்டாம். சும்மா இருக்கும் மோட்டார் பிரஷ், சோலினாய்டு, எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் எல்லாமே கெட்டுப்போகும். நல்ல வானிலையில் பறக்கும்போது போட்டு ஓடவிடுங்கள்.

வேலை செய்யாத ஆட்டோபைலட்டோடு பறக்கலாமா?

சிறிய விமானத்தில், பகல் வெளிச்சப் பயணத்தில், உங்கள் நாட்டு விதிகள் அனுமதித்தால் பறக்கலாம். பிரேக்கரை இழுத்து, மறுபடி அழுத்த முடியாதபடி வளையம் போட்டு, பேனலில் எழுதி ஒட்டி, பதிவேட்டில் குறித்த பிறகு. பாதி வேலை செய்யும் கருவியை ‘பரவாயில்லை’ என்று ஓட்டுவதைவிட இது மேல்.

பழைய விமானம் வாங்கப் போகிறேன். ஆட்டோபைலட் ‘ஓடுகிறது’ என்கிறார்கள்.

எல்லா மோடிலும் பறந்து காட்டச் சொல்லுங்கள். நாவ், அப்ரோச், உயரம் பிடித்தல் எல்லாம். பிறகு ஆவணங்கள்: அந்த விமானத்துக்கு அந்தக் கருவியைப் பொருத்த அனுமதி, கையேட்டு இணைப்பு, வயரிங் வரைபடம். வயரிங் வரைபடம் இல்லாத ஆட்டோபைலட்டைப் பழுதுபார்க்க ஆகும் நேரம், பழுதையே விடப் பெரிதாகிவிடும்.

எப்போது போதும் என்று முடிவெடுப்பது?

உங்கள் கருவியைத் தெரிந்த தொழில்நுட்பர் எட்டும் தொலைவில் இல்லாதபோது. உதிரிபாகம் என்றாலே பிரித்தெடுத்த பழைய பெட்டிதான் என்ற நிலை வரும்போது. ஜைரோ, சர்வோ இரண்டும் ஒரே நேரத்தில் ஓவர்ஹாலுக்கு நிற்கும்போது. கார்மின் ஜிஎஃப்சி 500 போன்ற புதியவை வாக்யூமை நம்புவதில்லை. வேகம் குறைந்தாலும் மிகுந்தாலும் பாதுகாப்பு தருகின்றன, ஒரு பொத்தானில் விமானத்தை மட்டமாக்குகின்றன. உங்கள் மாடலுக்கு அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அனுமதி இல்லாத மாடல்கள் இன்னும் உண்டு. ஆனால் கேபிள் தளர்ந்ததற்காகவோ ஒரு கனெக்டர் அழுக்கானதற்காகவோ நல்ல கேஎஃப்சி 150-ஐக் கழற்றிவிடாதீர்கள். புதிய சர்வோவும் அதே எய்லரான் கேபிளில்தான் மாட்டப்படும், அதே உராய்வுள்ள யோக்கைத்தான் நகர்த்தப்போகிறது. எந்த முடிவாக இருந்தாலும், விலை கேட்பதற்கு முன் கேபிள் இழுவிசையை அளந்துவிடுங்கள்.